ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வராத மாத்திரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. மதுரையில் உடல்நலப் பத்திரிகை ஒன்று நடத்தும் ஐயாதுரை என்னிடம் கட்டுரை கேட்டார். ஓரிடத்தில் நிலைகொள்ளாமலும் எதிலும் மனம் நிற்காமலும் இருக்கும் பிள்ளைகளுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சீக்கிரம் வேலையைத் தொடங்கிச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். இன்னொன்று மெதுவாகக் கரைந்து நெடுநேரம் நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டு, எது நல்லது என்று கடைசி வரியில் சொல்லிவிட வேண்டும். "சார், ஜனங்களுக்கு முடிவுதான் வேணும். வளவளன்னு போயிராதீங்க" என்றார். என்னைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும்.

எழுதவும் தொடங்கினேன்:

'குறுநேர மாத்திரை அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே காலையில் ஒன்று, மதியம் ஒன்று எனக் கொடுக்க வேண்டியிருக்கும். நெடுநேர மாத்திரையைக் காலையில் ஒருமுறை கொடுத்தால் போதும். இவற்றுள் சிறந்தது எதுவென்றால் –'

அந்தக் கோட்டோடு நின்றுவிட்டது. நான் அதை அடிக்கவில்லை, நீங்களும் பாருங்கள் என்று அப்படியே விட்டிருக்கிறேன். அந்த இடத்தில், பல வருஷங்களுக்கு முன்னால் பஸ்ஸில் பார்த்த ஒரு பெண்பிள்ளை வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சாயங்கால பஸ்ஸில் ஓர் அப்பாவும் மகளும் தினமும் வருவார்கள். ஏறும்போது அந்தப் பிள்ளை வெள்ளை முக்காடு கலையாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்காருவாள். பஸ் ஊரைத் தாண்டியதும் கால் ஆடத் தொடங்கும். பிறகு கை. பிறகு ஜன்னல் கம்பி, முன்சீட்டுக்காரரின் துண்டு, கண்டக்டரின் விசில். எங்கள் ஊர் எல்லையான மடவார்வளாகம் வருவதற்குள் பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் அவளுக்கு உறவாகியிருப்பார்கள், பாதிப் பேர் கோபத்தில் இருப்பார்கள். அப்பா மட்டும் அசந்து தூங்குவார். பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா அவர்களுக்காகக் காத்து நிற்பார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இனி வரும் எல்லாம் நானாகச் சேர்த்தது.

(இங்கே ஒரு குறிப்பு. இந்த இரண்டு வகை மாத்திரைகளும் அந்த வருஷத்தில் நம் பக்கத்து மருந்துக்கடைகளில் கிடைத்தனவா என்று எனக்கு நிச்சயமில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் வாசகர் யாராவது கடிதம் போடுவார். கதைக்குள் கிடைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.)

2

தொடக்கம் எழுத மூன்று தடவை முயன்றேன்.

முதல் தொடக்கம்: 'டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்சாத் பேகத்தின் கண்களில் –' வேண்டாம். ஆஸ்பத்திரி பெஞ்சில் கண்ணீரோடு தொடங்குகிற கதைகளைப் படித்துப் படித்து எனக்கே சலித்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: 'ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் அழைக்கும் கவனச்சிதறலும் மிகைத்துடிப்பும் –' இது ஐயாதுரைக்குப் பிடிக்கும். அதனாலேயே விட்டேன்.

மூன்றாம் தொடக்கம் இது:

அசீனா எதையும் முடித்ததில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன். ஒன்பது வயது அசீனாவின் நோட்டில் கணக்குகள் பாதியில் நிற்கும். தட்டில் தோசை பாதியில் இருக்கும். பாண்டி விளையாட்டில் நாலாவது கட்டத்தில் இருக்கும்போது ஆட்டுக்குட்டி ஒன்று போனால் அதன் பின்னால் போய்விடுவாள். சட்டைப் பொத்தான் பாதிதான் போட்டிருப்பாள். "அம்மா, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா" என்று தொடங்கிய எந்தக் கதையும் என்ன நடந்தது என்பது வரைக்கும் போனதில்லை. அவள் மந்தமும் இல்லை, திமிரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, வீட்டில் வாங்கிய அடி, 'வாலு', 'அடங்காப்பிடாரி' என்ற பெயர்கள் எல்லாம் சேர்ந்தும் அவளை ஒரு பக்கத்தைக்கூட முடிக்க வைக்கவில்லை. மதுரை டாக்டரம்மா கொடுத்த மாத்திரை வைத்தது.

3

அப்பா பீர் மைதீனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவரைப் பொல்லாதவராக எழுதினேன். "பைத்தியத்துக்குக் குடுக்குறத எம்மகளுக்குக் குடுப்பியாட்டி?" என்று பெண்டாட்டியிடம் கத்துகிறார். வாசித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கத்தி முடித்துவிட்டு மகளுக்குக் கொய்யாப்பழம் வாங்கப் போய்விடுகிற ஆள் மாதிரிதான் தெரிந்தார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே மகளின் முக்காட்டு நுனியை விரலில் சுற்றிப் பிடித்திருப்பார், அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கத்தலை அடித்துவிட்டேன். பீர் மைதீன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம் செய்கிறார். ஊர் ஊராக மருந்துக்கடைக்குச் சரக்குப் போடுவதால், தனக்கும் பாதி வைத்தியம் தெரியும் என்று ஒரு நினைப்பு உண்டு. மகளைத் தன் கடைக்குப் பக்கத்துப் பள்ளியில்தான் சேர்த்திருந்தார், கண்பார்வையில் இருக்கட்டும் என்று.

காலையில் ஒரு குறுநேர மாத்திரையை அம்மா சம்சாத் கரண்டியால் நசுக்கிச் சீனியோடு கொடுப்பார். மதிய மாத்திரை பள்ளியில் பரிபூரணம் டீச்சரிடம் இருக்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் அவளைக் கூப்பிடுவார். மற்ற பிள்ளைகள் கேட்டால் "சத்து மாத்திரை" என்பார். இதனால் வகுப்பில் இன்னும் நாலு பிள்ளைகள் தங்களுக்கும் சத்து மாத்திரை வேண்டும் என்று கேட்டார்களாம்.

பரிபூரணம் டீச்சரைக் கடுகடுப்பானவராக எழுதலாம் என்றிருந்தேன். அவர் ஒத்துவரவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க மக ஒரு பக்கம் முழுசா எழுதிட்டா. எழுதிட்டு எங்கிட்டக் காட்டுதா. எனக்குக் கண்ணு நெறஞ்சுட்டு" என்று பீர் மைதீனிடம் டீச்சர் சொன்னதை, அவரும் வீட்டில் போய் அப்படியே சொன்னார்.

சம்சாத் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்லாயிருக்கு. அந்தப் பிள்ளைய நான் ஒருநாளாவது பாத்துருக்கனா?"

"என்னட்டி சொல்லுத?"

"காலையில டீச்சர் கையில நல்ல பிள்ளையக் குடுத்து விடுறோம். சாயங்காலம் எனக்கு மிச்சம் மீதிதான் வருது. பஸ்ஸ விட்டு எறங்கும்போதே அழுகை, கோவம், பைய வீசுறது. ஒங்க மாத்திரை ராஜபாளையத்துல வேல செய்யுதுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வரல."

மருந்து இறங்குகிற நேரத்தில் சில பிள்ளைகள் முன்னைவிட அதிகமாகச் சிணுங்கும், கோபப்படும். டாக்டரம்மா அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அந்த நேரம் தினமும் பஸ்ஸில்தான் வந்தது, அந்த நேரத்தில்தான் பீர் மைதீன் தூங்கினார்.

4

(கட்டுரைக்காக எழுதிய ஒரு பத்தி இங்கே சரியாகப் பொருந்துகிறது. வீணாக்க மனம் வரவில்லை.)

குறுநேர மாத்திரையில் ஒரு சௌகரியம் உண்டு. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, சில மணி நேரத்தில் போய்விடும். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பசி திரும்பி வரும். சங்கடம் என்னவென்றால், மதியம் யாராவது ஞாபகமாகக் கொடுக்க வேண்டும், நாலு பேருக்குத் தெரிந்துவிடும், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். நெடுநேர மாத்திரை ஒரே சீராகப் போகும், பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பசி நெடுநேரம் மந்தமாக இருக்கும், தூக்கம் தள்ளிப்போகலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் அது தீரும்வரை காத்திருக்க வேண்டும். நசுக்கவோ மெல்லவோ கூடாது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை அந்தப் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

ஐயாதுரை இதைப் படித்தால், "கடைசி வரி எங்க சார்?" என்பார். அசீனாவின் நாள் எப்படிப் போகிறது என்று நானும் பார்க்கத்தான் போனேன். பார்த்தால் ரமலான் மாதம் பிறந்திருந்தது.

5

தொண்ணூற்றெட்டு முடிந்து தொண்ணூற்றொன்பது பிறந்த சமயம். நோன்பு மாதம் பாதி போய்விட்டது. அசீனாவின் மாமு மகன் அவளைவிடச் சின்னவன். அவன் முதல் நோன்பு வைத்தான், சாயங்காலம் நோன்பு திறந்ததும் வீட்டில் மாலை போட்டார்கள், அத்தர் பூசினார்கள், தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிப் போய்ச் சலாம் சொல்ல வைத்தார்கள். அசீனா கடைசி வீடு வரை பின்னாலேயே போனாள்.

"நானும் நோன்பு வைக்கணும்" என்றாள் திரும்பி வந்ததும்.

மாமி சிரித்துவிட்டாள். "நீ ஒரு தோசைய முழுசாத் திங்க மாட்ட. நோன்ப முழுசாப் பிடிப்பியாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கேலிதான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அசீனா சிரிக்கவில்லை. அவள் எதையாவது முடிக்க வேண்டும் என்று தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சம்சாத்துக்கு அது உடனே புரிந்தது, எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை, ஆசைக்கு வைப்பதுதான். பட்டினியைக்கூடச் சமாளிக்கலாம். மதிய மாத்திரையை என்ன செய்வது? விடிவதற்கு முன் சகர் சாப்பாடு. பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு சூரியன் மறையும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கக் கூடாது, மாத்திரையும் கூடாது. மாத்திரை இல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை ஒரு பீரியடுகூட நோன்பை ஞாபகம் வைத்திருக்காது.

மதுரைக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். அவர் அசீனாவைத்தான் முதலில் கேட்டார்.

"ஒனக்கு ஆசையா, இல்ல வேற யாரும் சொன்னாகளா?"

"எனக்குத்தான்."

"ஒருநாள் வச்சுப் பாரு. முடியலன்னா விட்டுரணும், சரியா?"

"முடியும்" என்றாள் அசீனா, மேசையில் இருந்த ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டே.

டாக்டரம்மா நெடுநேர மாத்திரை எழுதினார். பெற்றவர்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "சகர் நேரத்துல முழுங்கிட்டா மத்தியானம் தாண்டி நிக்கும். சாயங்காலம் வரைக்கும் வராது, அத நீங்கதான் பேச்சுக் குடுத்து ஓட்டணும். ஒண்ணு மட்டும் கவனம். முழுசா முழுங்கணும். நசுக்கிராதீங்க. நசுக்குனா நாள் பூரா வர வேண்டிய மருந்து ஒரேயடியா எறங்கிரும்."

"அதெல்லாம் தெரியும் டாக்டர், நான் மருந்துக்கடைக்குச் சரக்குப் போடுறவன்" என்றார் பீர் மைதீன்.

6

சகர். பால்சோறும் வாழைப்பழமும். அசீனா கண்ணைத் திறக்காமலே பாதி தின்றாள். மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் உள்ளே போனது, மாத்திரை வெளியே வந்தது. அவளுக்கு முழு மாத்திரை விழுங்கிப் பழக்கமே இல்லை, எப்போதும் சீனியோடு பொடியாகத்தானே தின்றாள். மறுபடியும் வைத்தார்கள். மறுபடியும் வந்தது.

"ஏட்டி, முழுங்கிரு. பாங்கு சொல்லப் போறாக" என்று சம்சாத் கெஞ்சினார்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. இனிப் பாங்குதான். அதற்குள் உள்ளே போகாவிட்டால் இன்று மாத்திரை கிடையாது, மாத்திரை இல்லாவிட்டால் நோன்பும் கிடையாது. சம்சாத் அந்த ஈர மாத்திரையைப் பால்சோற்றில் போட்டு –

இந்த இடத்தில் அவரைத் தடுக்கப் பார்த்தேன். 'சம்சாத்துக்கு டாக்டரம்மா சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. அவர் கையை –' என்று எழுதினேன். அப்படி நடந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாங்குக்கு முந்தின அந்தக் கொஞ்ச நேரத்தில், வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் பிள்ளைக்கு எதிரே எந்த அம்மாவுக்கும் வேறெதுவும் ஞாபகம் வராது. எப்படியாவது உள்ளே போனால் சரி என்றுதான் தோன்றும்.

– விரலால் நசுக்கிப் பிசைந்து ஊட்டிவிட்டார். அசீனா விழுங்கினாள். பாங்கு சொன்னார்கள்.

"போயிருச்சா?" என்று தொழுகைக்குக் கிளம்பிய பீர் மைதீன் வாசலிலிருந்து கேட்டார்.

"போயிருச்சுங்க" என்றார் சம்சாத். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

7

காலை பஸ்ஸிலேயே அசீனா வாய் திறக்கவில்லை, தூக்கக் கலக்கம் என்று பீர் மைதீன் நினைத்துக்கொண்டார். முதல் பீரியடிலும் அவள் சத்தமே போடவில்லை. வேறு நாளாக இருந்தால் பரிபூரணம் டீச்சர் மகிழ்ந்திருப்பார். அன்று ஏனோ பக்கத்தில் போய்ப் பார்த்தார். அசீனா ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஒரு கை பென்சிலில், ஒரு கை நெஞ்சில்.

"என்ன தாயி செய்யுது?"

"டீச்சர், எனக்குள்ள யாரோ ஓடுறாக."

டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். நாடி தடதடவென்று அடித்தது. பீர் மைதீனின் கடைக்குப் போன் போட்டார். பீர் மைதீன் சைக்கிளில் வந்தார், மகளைப் பார்த்தார், பாதி வைத்தியம் தெரிந்த தைரியமெல்லாம் போய்விட்டது. அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில் எஸ்.டி.டி. பூத்தில் நின்று மதுரைக்குப் பேசினார்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "முழுசா முழுங்குனாளா?"

அவருக்குத் தெரியவில்லை. அசீனாவைப் பார்த்தார். "பால்சோத்துல பெசஞ்சு குடுத்தாக" என்றாள் அவள்.

டாக்டரம்மா அமைதியாகத்தான் பேசினார். ஏறினது மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். ஓடவிடாமல் நிழலில் உட்கார வையுங்கள். இன்றைக்கு வேறு மாத்திரை எதுவும் வேண்டாம். தண்ணீர் குடித்தால் நல்லது, ஆனால் வாயைப் பிளந்து ஊற்ற வேண்டாம். வாந்தி, மயக்கம், நெஞ்சுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"கேட்டியாம்மா? டாக்டரே தண்ணி குடிக்கச் சொல்லிட்டாக."

"நீங்களும் நோன்புதான அத்தா. நீங்க குடிங்க" என்றாள்.

பஸ்ஸில் அன்று பீர் மைதீன் தூங்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். பாதி வழியில் நாடி கொஞ்சம் அடங்கியது போலத் தெரிந்தது. மடவார்வளாகம் தாண்டும்போது, அசீனாவின் கால் ஆடத் தொடங்கியது. அதைப் பார்த்து முதல் தடவையாக அவருக்கு நிம்மதி வந்தது.

வீட்டில் சம்சாத் விஷயத்தைக் கேட்டதும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நானே எம்பிள்ளைக்கு..." என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை.

"விடுட்டி. அந்நேரத்துல நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். தெரிஞ்சா செஞ்ச?"

"தெரியுமேங்க. டாக்டரம்மா எங்கிட்டதான சொன்னாக. தெரிஞ்சுதான் நசுக்குனேன்."

பீர் மைதீன் அவருடைய தோளைத் தொட்டுவிட்டு மதியத் தொழுகைக்குப் போனார்.

8

முடிவு வேண்டுமே. மூன்று யோசித்தேன்.

ஐயாதுரைக்கு ஏற்ற முடிவு: மறுநாள் முழு மாத்திரையை விழுங்கப் பழகிக்கொள்கிறாள், நெடுநேர மாத்திரை வென்றது, அடியில் பெட்டிக்குள் நாலு குறிப்புகள். உண்மைக்கு விரோதம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நோன்பு அடங்கவில்லை.

தெருக்காரர்களுக்கு ஏற்ற முடிவு: நோன்பின் மகிமையில் பிள்ளை தானாக அடங்கிவிடுகிறது, மாத்திரையைச் சாக்கடையில் வீசுகிறார்கள். இதை நான் எழுத மாட்டேன். எழுதினால் அதை நம்பி எந்த வீட்டிலாவது மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அந்தப் பிள்ளையின் நோட்டு மறுபடி பாதியில் நிற்கும். மாத்திரையும் மகிமையும் சண்டைபோட வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குப் பிடித்த முடிவு: சாயங்காலம், கஞ்சி, பேரீச்சம்பழம், மாலை, மாமியின் வாய் அடைபடுகிறது. இதை எழுதி முடித்தே விட்டேன். எழுதிய மறுநாள் காலையில் வாசிக்கும்போதுதான், மத்தியானம் இரண்டு மணியை நான் தாவிப் போயிருப்பது தெரிந்தது. அந்த வீட்டில் இரண்டு மணிக்கு என்ன நடந்திருக்கும்? நசுக்காமல் விழுங்கியிருந்தால் இன்னும் மருந்து நின்றிருக்கக்கூடிய நேரம் அது. நசுக்கியதால் எப்போதோ தீர்ந்துவிட்ட நேரம்.

ஆகவே சாயங்காலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பினேன்.

9

நெஞ்சுத் தடதடப்பு அடங்கிவிட்டது. அசீனா பழைய அசீனாவாகிவிட்டாள், கொஞ்சம் கூடுதலாகவே. கட்டிலில் ஏறிக் குதித்தாள். கொடியில் காய்ந்த துணிக்குள் புகுந்து வந்தாள். "அம்மா, நான் நோன்பு" என்று அடிக்கொருதரம் வந்து சொன்னாள். "தெரியும் தாயி, செத்த நேரம் உக்காரு" என்றார் சம்சாத். உட்கார்ந்தாள், எழுந்தாள். கோழியை விரட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். வேர்க்க வேர்க்க அடுக்களைக்குள் வந்தாள். பானைக்குள் செம்பை விட்டு மொண்டு குடித்தாள்.

யாரும் பார்க்கவில்லை. சம்சாத் வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். என் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் வெளியே வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டேம்மா" என்று விம்மினாள்.

சம்சாத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஏன் என்று அசீனாவுக்குப் புரியவில்லை.

"அட கிறுக்கு. மறந்து குடிச்சா நோன்பு முறியாதுட்டி! அல்லாவே குடிக்கக் குடுத்த தண்ணின்னு சொல்லுவாக. வாயத் தொடச்சிட்டு அப்படியே நோன்பத் தொடர வேண்டியதுதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

இது நான் கற்பனை செய்த சட்டம் இல்லை. நோன்பில் மறதிக்கு மன்னிப்பு உண்டு என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அசீனாவைத் தவிர. டிபன் பாக்ஸை மறந்ததற்கு அடி, பென்சிலை மறந்ததற்கு முட்டிபோடுவது, வீட்டுப்பாடத்தை மறந்ததற்கு வெயிலில் நிற்பது என்று வளர்ந்த பிள்ளை அவள். மறந்தாயா, சரி, போ, ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு சட்டம் இருக்கும் என்றே அவள் நினைத்ததில்லை. அவள் சந்தோஷத்தில் வாசலுக்கு ஓடினாள்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நல்ல முடிவு. ஐயாதுரைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சுக்குக் கொடுத்திருப்பார்.

ஆனால் அசீனா திரும்பி வந்துவிட்டாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள்.

"அம்மா. பாதிச் செம்பு குடிக்கும்போதே ஞாபகம் வந்துருச்சு."

சம்சாத் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "வந்ததும் நிறுத்திட்டதான?"

"நிறுத்தணும்னு நெனச்சேன். நெனச்சேம்மா. கை நிக்கல. மீதியையும் குடிச்சிட்டேன்."

10

முதல் பாதி மறதி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவது பாதி என்ன? ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் சட்டம். அவளுக்கு ஞாபகம் வந்தது, நிறுத்த நினைத்தாள், அவ்வளவும் உண்மை. நினைப்புக்கும் கைக்கும் நடுவே மற்ற பிள்ளைகளுக்கு ஒரு பிரேக் இருக்கிறது. அசீனாவுக்கு அந்தப் பிரேக்கைத்தான் மாத்திரை கொடுத்துவந்தது. அன்றைக்கு உரிய பிரேக் விடியற்காலையிலேயே பால்சோற்றில் கரைந்து போய்விட்டது, அதுவும் சம்சாத்தின் விரலால்.

(இஸ்லாமிய மார்க்கம் அறிந்த நண்பர் ஒருவரிடமும், டாக்டர் ஒருவரிடமும் கேட்டேன். நண்பர், "பிள்ளைக்குக் கடமையே இல்லையே, எதுக்கு இம்புட்டு யோசிக்கீக?" என்றார். டாக்டர், "சாப்பிடச் சொல்லுங்க" என்றார். இரண்டும் சரியான பதில்தான். அசீனா கேட்டதற்கு இரண்டும் பதில் இல்லை.)

சம்சாத் மகளைப் பார்க்கிறார். முறிந்துவிட்டது என்று சொன்னால் சோறு போட்டுவிடலாம். காலையிலிருந்து படாத பாடு பட்ட உடம்பு, முகம் வாடிக் கிடக்கிறது. முறியவில்லை என்று சொன்னால் இந்தப் பிள்ளை தானாகக் கேட்ட ஒன்றைத் தன் ஆயுளில் முதல் தடவையாக முடித்துவிடும். சூரியன் மறைய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, மாத்திரை இல்லாத நேரம். ஒன்றைச் சொன்னால் வயிறு குளிரும், இன்னொன்றைச் சொன்னால் மனசு குளிரும். பொய் சொல்லாத பிள்ளையிடம் இரண்டில் எதைச் சொன்னாலும் அது பொய்யாக இருந்துவிடக் கூடாது என்றும் அவருக்குத் தோன்றுகிறது.

"முறிஞ்சிருச்சாம்மா?"

சம்சாத்துக்காக நான் ஒன்பது பதில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவர் வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். ஆகவே அவருடைய இடத்தை உங்களுக்கு விடுகிறேன். எந்த மாத்திரை நல்லது என்று பிறகு பேசிக்கொள்ளலாம், ஐயாதுரையும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள். வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் நின்றதே இல்லை.